டப்பாவிலிருந்த சிலந்தி

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், மாசி மாதம். நாங்கள் அப்போது கொல்லிமலையில், குண்டனி நாடு என்கிற ஊர்த்தொகுதியில், ஒரு சிற்றூரில் இருந்தோம். என் கணவருக்கு சர்வேயில் வேலை. காட்டு நிலம் எது, பட்டா நிலம் எது என்று எல்லை அளந்து கல் நடுவார்கள். ஆறு மாதம் மலையில் தங்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, ஒன்றரை வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நானும் போவதா, நாமக்கல்லில் மாமியார் வீட்டிலேயே இருந்துவிடுவதா என்று பத்து நாள் யோசித்தேன். போனால் குழந்தைக்கு மலைக்காய்ச்சல் வந்துவிடுமோ என்று பயம். போகாவிட்டால் அவர் தானே பொங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வாரே என்று பயம். கடைசியில் போனேன். போன பிறகும், வந்தது சரிதானா என்று தினம் ஒரு தடவையாவது யோசிக்காமல் இருந்ததில்லை. என் சுபாவம் அப்படி.

எனக்கு அப்போது இருபது வயது. எட்டாவது வரை படித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்திப் பரீட்சை வைத்தார்கள். அதில் நான்தான் வகுப்பிலேயே முதல். அந்தச் சர்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியின் அடியில் புடவைக்குள் வைத்து மலைக்கும் கொண்டுபோயிருந்தேன். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்போம். குழந்தையின் நகத்தை வாரம் தவறாமல் வெட்டுவேன். மண்சுவரும் புல்கூரையுமான அந்த வீட்டில் ஒட்டடை என்று ஒரு இழை கூட இருக்க விடமாட்டேன்.

இதைப் பார்த்துச் சிரிக்கிறவள் ஒருத்தி இருந்தாள். எங்கள் வீட்டுக்கு விறகும் சாமையும் கொண்டுவந்து கொடுக்கிற மலைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். அதற்குள் இரண்டு குழந்தைகள். ஒருநாள் அவள் விரலில் வெள்ளையாகக் காகிதம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன். அரிவாள் பட்டுவிட்டதாம், சிலந்தி வலையை எடுத்து வைத்தாளாம்.

“ஐயோ, அது அழுக்கு. புண்ணு சீழ் பிடிச்சா என்ன செய்வே? சுடுதண்ணியில கழுவி மருந்து போட்டுவிடட்டுமா?” என்றேன்.

“ரத்தம் நின்னுபோச்சுங்க அம்மிணி. நின்னதைக் கழுவிப்போட்டு மறுக்கா வர வெக்கோணுமாக்கும்?” என்று சொல்லிவிட்டு விறகை இறக்கினாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

இப்படியிருக்கையில் ஒருநாள், என் கணவரின் கலாசி, அதாவது சங்கிலி பிடிக்கிற ஆள், பாறையில் வழுக்கி விழுந்தார். அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. தோளில் இருந்த அளவைக் கருவிக்குத்தான் கேடு. அதை முக்காலியில் நிறுத்தி, குழலில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். குழலுக்குள்ளே கூட்டல் குறி போல இரண்டு நூல்கள் இருக்கும். தூரத்தில் நடுகிற கொடி, அந்த இரண்டு நூலும் வெட்டிக்கொள்கிற இடத்துக்கு நேராக வர வேண்டும். விழுந்த அதிர்ச்சியில் ஒரு நூல் அறுந்துவிட்டது. அது சிலந்தி நூல் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தலைமயிரை வைத்தால் குழலுக்குள் வடக்கயிறு மாதிரி தெரியுமாம். பட்டு இழை கூடத் தடிமன்தானாம். சென்னைக்கு அனுப்பிப் பழுதுபார்த்து வாங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் மலையிலும் காட்டிலும் அலைகிற சர்வேக்காரர்கள் ஒரு சிலந்தியைப் பிடித்து, அது தொங்கும்போது விடுகிற நூலைக் கவட்டைக் குச்சியில் சுற்றி எடுத்து, அரக்குக் கரைசல் வைத்துத் தாங்களே ஒட்டிக்கொள்வார்களாம்.

அரக்கைக் கரைக்கிற ஸ்பிரிட் தீர்ந்துபோயிருந்தது. அடிவாரத்திலிருந்து அது வர நான்கு நாள் ஆகும். ஆனால் என் கணவர் அன்று மாலையே மிளகுக் கொடிக்கும் பலாமரத்துக்கும் நடுவே வலை கட்டியிருந்த ஒரு சிலந்தியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளி ரூபாயைவிடக் கொஞ்சம் பெரிது. வயிற்றில் மஞ்சள் பட்டை. கோகோ டப்பாவின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு அதற்குள் விட்டார்.

“தினம் ஒரு ஈ பிடிச்சுப் போடு. ரெண்டு சொட்டுத் தண்ணி தெளி. அது போதும்” என்றார்.

“எனக்கு ஒரு குழந்தை போதாதா?”

“இது அழாது” என்றார்.

கலாசி அடிவாரத்துக்காரர், நாற்பது வயதுக்காரர், கதை சொல்வதில் கெட்டிக்காரர். டப்பாவைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். “இது ஒண்ணுமில்லீங்க அம்மா. மரப்பொந்துல ஒண்ணு இருக்குது, கை அகலம், உடம்பெல்லாம் மயிரு. கடிச்சுதுன்னா மூணு நாளைக்குக் கைகால் இழுத்துக்கும். எங்க சித்தப்பனுக்கு அப்படித்தான் இழுத்துக்கிச்சு.”

“அப்புறம் என்ன ஆச்சு?” என்று பதறிக் கேட்டேன்.

“அப்புறமென்னங்க, கண்ணாலம் பண்ணி வெச்சோம். இப்ப அசையறதே இல்லை.”

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘இது ஒண்ணுமில்லீங்க’ என்று முதலில் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. கைகால் இழுத்துக்கொள்ளும் என்பது மட்டும்தான் ஏறியது. டப்பாவை எட்டாத உயரத்தில் மாடப்பலகையின் மேல் வைத்தேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று படுக்கப்போகும்போது ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன்.

மூன்றாவது நாள் காலை. எல்லைக் கல்லெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரும் கலாசியும் திருப்புலி நாட்டுப் பக்கம் புறப்பட்டுப் போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார்கள். நான் ஒரு ஈயைப் பிடித்து, டப்பாவைத் திறந்து போட்டேன். அதே சமயம் அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. டப்பாவைப் பலகையில் வைத்துவிட்டு ஓடினேன். மூடியை அழுத்தினேனா, சும்மா மேலே வைத்தேனா? இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து, கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தபோது குழந்தை வீறிட்டது. விழுந்து அடிபட்டால் அழுகிற அழுகை எனக்குத் தெரியும். பசி அழுகையும் தெரியும். இது அந்த இரண்டும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், குழந்தை பாயில் உட்கார்ந்து வலது கையை நீட்டிக்கொண்டு கத்துகிறாள். அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளிப் பாயின் ஓரத்தில் மஞ்சள் பட்டைச் சிலந்தி.

முறத்தை எடுத்து அடித்தேன். அது செத்த பிறகும் அடித்தேன். பிறகுதான் குழந்தையின் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் குண்டூசி முனையளவு ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றி லேசான வீக்கம்.

என் மனம் அந்த நிமிஷத்தில் கலங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நான் படித்த பாடம் வரி வரியாக ஞாபகம் வந்தது. விஷக்கடி ஏற்பட்டால் கடிவாய்க்கு மேலே, இருதயத்துக்கும் கடிவாய்க்கும் நடுவில் இறுகக் கட்ட வேண்டும். ஒற்றை எலும்பு இருக்கிற இடத்தில் கட்ட வேண்டும். கட்டுக்குள் குச்சியைச் செருகி முறுக்க வேண்டும். கொடியில் கிடந்த பாவாடையிலிருந்து நாடாவை உருவினேன். முழங்கைக்கு மேலே இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டு, அவருடைய பென்சிலைச் செருகி முறுக்கினேன். குழந்தை கதறியது. ‘கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, பொறுத்துக்கோ’ என்று சொல்லிக்கொண்டே முறுக்கினேன். பரீட்சைக்கு வந்த பரிசோதகர் பக்கத்தில் நின்றிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

அதற்கு அடுத்த வரிதான் ஞாபகம் வரவில்லை. கட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும்? வைத்தியர் வரும்வரை எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது என்று இருந்ததா? அல்லது இத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும் என்று இருந்ததா? இரண்டும் படித்த மாதிரியே இருந்தது. ஒன்று பாம்புக் கடிக்கு, மற்றது ரத்தம் நிறுத்துவதற்கு என்று தோன்றியது. எது எதற்கு என்று தெரியவில்லை. அவிழ்த்தால் விஷம் மார்புக்கு ஏறிவிடும். அவிழ்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்களா என்பதே நினைவில்லை. தெரியாதபோது, கட்டியது கட்டியபடி இருப்பதுதான் பத்திரம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வீட்டில் ஒரு கிழவர் மட்டும் வெயிலில் படுத்திருந்தார். அவருக்குக் காது கேட்காது. மற்ற எல்லோரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். கணவர் இருக்கிற திசைக்குப் போனால், எந்தக் குன்றில் இருக்கிறாரோ தெரியாது. அடிவாரத்து ஊரில் ஆஸ்பத்திரி இருந்தது. ஒற்றையடிப் பாதையில் இறங்க மூன்று மணி நேரமாவது ஆகும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, புண்ணில் தூசு படக்கூடாது, உடம்பு சூடு ஆறக்கூடாது என்று கட்டுப்போட்ட கையைப் புடவைத் தலைப்பால் நன்றாகச் சுற்றி மூடிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். அதுவும் பாடத்தில் படித்ததுதான்.

பாதை முழுக்க உருளைக் கற்கள். சில இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க வேண்டும். ஒரு கையில் குழந்தை, ஒரு கை மரத்தைப் பிடிக்க. முதலில் குழந்தை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தாள். பிறகு கத்தல் முனகலாயிற்று. அது எனக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது. விஷம் ஏறுகிறது, மயக்கம் வருகிறது என்று நினைத்தேன். ஒரு பாறையடியில் உட்கார்ந்து தலைப்பை விலக்கிக் கையைப் பார்த்தேன்.

கை கறுத்திருந்தது. முழங்கைக்குக் கீழே எல்லாம் நாவற்பழ நிறம். விரல்கள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. தொட்டால் சில்லென்று இருந்தது.

‘விஷம் இவ்வளவு தூரம் வந்துவிட்டதா!’ என்று நினைத்தேன். கட்டு தளர்ந்திருக்க வேண்டும், அதனால்தான் ஏறுகிறது என்று நினைத்தேன். பென்சிலைப் பிடித்து இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினேன்.

இந்த ஒரு வரியை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

மறுபடியும் தலைப்பால் மூடிக்கொண்டு ஓடினேன். அது ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கொல்லிமலைக்கு வந்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன். சிலந்தியைக் கொண்டுவந்ததற்கு அவரைத் திட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் யாரோ தலைச்சுமையோடு ஏறிவருவது தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவருகிற அதே பெண்தான்.

“ஏனுங்க அம்மிணி, உச்சி வெயில்ல புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க ஓடறீங்க?” என்று கேட்டுக்கொண்டே சுமையை இறக்கினாள்.

“சிலந்தி கடிச்சுட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போறேன். வழி விடு.”

“எந்தச் சிலந்தி?”

“டப்பாவுல இருந்தது. மஞ்சப் பட்டை போட்டது.”

“அதுவா! மொளகுக் கொடியில வலை கட்டறதா? எங்க ஊட்டுப் புள்ளைக கையில ஊர உட்டு வெளையாடுமுங்க.” சொல்லிக்கொண்டே என் தலைப்பை விலக்கினாள். அவள் முகம் மாறிவிட்டது. “ஐயோ சாமி! இதை யாருங்க இப்படிக் கட்டுனது?”

“நான்தான். விஷம் ஏறாம இருக்க.”

“இது விஷமில்லீங்க. கட்டுனதுனாலதான் கறுத்திருக்குது. அவுத்து உடுங்க.”

அவள் கையை நீட்டினாள். நான் குழந்தையை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் முன்னால் வந்தாள். “தொடாதே! அவிழ்த்தா நெஞ்சுக்கு ஏறிடும். உனக்கு ஒண்ணும் தெரியாது!” என்று கத்தினேன். நான் யாரையும் அப்படிக் கத்தியவள் அல்ல.

அவள் நின்றுவிட்டாள். கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, விறகுக் கட்டிலிருந்து ஒரு நாரை உருவினாள். தன் இடது கை ஆள்காட்டி விரலின் அடியில் அதை மூன்று சுற்று சுற்றிப் பல்லால் கடித்து இறுக்கினாள். பிறகு அந்த விரலை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள்.

“பாத்துக்கிட்டே இருங்க” என்றாள்.

எனக்கு நிற்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் விரல் சிவந்தது. பிறகு உப்பியது. பிறகு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. என் பெண்ணின் கையில் இருந்த அதே நிறம்.

“இப்பச் சொல்லுங்க. என்னை எந்தச் சிலந்தி கடிச்சுது?”

பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். “நீயே அவிழ்த்து விடு” என்றேன்.

“இல்லீங்க” என்றாள். “நான் அவுத்து, புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, காலத்துக்கும் என்னையத்தான் நெனைப்பீங்க. நான் புள்ளையப் புடிச்சுக்கறேன். நீங்க அவுருங்க.”

அவள் சொன்னது நியாயம்தான். அந்த நியாயம் எனக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அவள் விரலைப் பார்த்ததை நம்புவதா, நான் படித்ததை நம்புவதா? கலாசியின் சித்தப்பாவுக்குக் கைகால் இழுத்துக்கொண்டது என்பது வெறும் கதையா, நிஜமா? அவிழ்த்த மறு நிமிஷம் குழந்தை என் மடியில் விறைத்துப்போனால்? அவிழ்க்காமல் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கை செத்துக்கொண்டிருந்தால்? நான் குழந்தையின் முகத்தையே பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

பென்சிலை உருவினேன். முறுக்கு தளர்ந்தது, ஆனால் முடிச்சு சதைக்குள் புதைந்திருந்தது. நகத்தால் நெம்பினேன். வரவில்லை. அவள் இடுப்பிலிருந்த சின்னக் கதிர் அரிவாளை எடுத்துக் கொடுத்தாள். அதன் முனையை நாடாவுக்கு அடியில் செருக இடமே இல்லை. “மெதுவா, மெதுவா. புள்ளை ஆடாம இருக்குதுங்க, நீங்கதான் ஆடறீங்க” என்றாள். அறுத்தேன். நாடா அறுந்தபோது அரிவாள் முனை சதையிலும் பட்டுவிட்டது. அதுவரை கட்டுக்குள் நின்றிருந்த ரத்தம் குபுகுபுவென்று வந்தது.

அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்துப் புதருக்குள் கையை விட்டாள். ஒரு வலையைப் பார்த்தாள், தூசு படிந்திருந்ததால் அதை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். சருகையும் செத்த பூச்சியையும் ஊதித் தள்ளி, மூன்றாக மடித்துக் காயத்தில் வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுக்கு என்று நான் நினைக்காமல் இல்லை. ஆனாலும் அவளுக்கு வாகாகக் கையைத் திருப்பிப் பிடித்தேன்.

இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது எவ்வளவு நேரமோ தெரியாது. காயத்தில் ரத்தம் நின்றது. ஆனால் விரல்கள் கறுப்பாகவே இருந்தன. நான் மார்பையும் பார்த்தேன், மூச்சு ஓடுகிறதா என்று. பிறகு மேல் கையிலிருந்து திட்டுத் திட்டாகச் சிவப்பு இறங்கியது. முழங்கை தாண்டியது. மணிக்கட்டுக்கு வந்தது. உள்ளங்கை சிவந்ததும் குழந்தை வாயைப் பிளந்து அழ ஆரம்பித்தாள். மரத்துப்போன இடத்தில் ரத்தம் ஓடும்போது எப்படி வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வலியில் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். மலைக்காரப் பெண் மட்டும் அழவில்லை. தன் விரலில் இருந்த நாரை அப்போதுதான் அவிழ்த்து உதறினாள்.

ஆனால் சுண்டு விரலும் மோதிர விரலும் அசையவே இல்லை. “நடங்க, ஆசுபத்திரிக்கே போயிரலாம்” என்றாள். விறகை வழியிலேயே போட்டுவிட்டுக் குழந்தையை அவளே வாங்கிக்கொண்டாள். நான் பின்னால் போனேன். அவள் இறங்குகிற வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். நல்லவேளை. குழந்தையை மேஜையில் படுக்கவைத்து, கையைத் தூக்கிப் பார்த்தார். சதையில் ஆழமாகப் பதிந்திருந்த வளையத்தைப் பார்த்தார். அதன் மேல் ஒட்டியிருந்த சிலந்தி வலையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். எனக்குக் கால் நிறையப் புழுதி, ஆனாலும் ரவிக்கையும் மூக்குக் கண்ணாடியும் போட்டிருந்தேன். அவள் ரவிக்கை இல்லாமல் மலைக்கட்டுச் சேலையில் நின்றாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். “கொஞ்சமாவது புத்தி இருக்கா? பச்சைக் குழந்தை கையை இப்படியா கட்டுவே? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா கையை எடுத்திருக்கணும், தெரியுமா? அதுமேல ஒட்டடை வேற! உங்க நாட்டு வைத்தியத்தையெல்லாம் உங்க மலையோட வெச்சுக்கணும்!”

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “செரிங்க” என்றாள்.

கட்டியது நான் என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. படித்த பெண், சர்க்கார் உத்தியோகஸ்தர் சம்சாரம், பெற்ற பிள்ளையின் கையை முறுக்கினவள் நான்தான் என்று அந்த அறையில், கம்பவுண்டர் முன்னால், எப்படிச் சொல்வது? அடுத்த மூச்சில் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த மூச்சில் டாக்டர் காயத்தைக் கழுவி மருந்து வைக்கத் தொடங்கிவிட்டார். அதற்கடுத்த மூச்சில், வேலையாக இருக்கிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன். இப்படியே அந்த வேளை போய்விட்டது.

விரலில் இருந்த புள்ளியைப் பற்றிக் கேட்டேன். எறும்பாகவும் இருக்கலாம், சிலந்தியாகவும் இருக்கலாம், எதுவானாலும் அதனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றார். இரண்டு விரலும் அசைகிறதா என்று நாளைக் காலைவரை இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

பொழுது சாய்வதற்குள் மலையேற வேண்டும், பிள்ளைகள் காத்திருக்கும் என்று அவள் கிளம்பினாள். வாசல்வரை போய், “நான் சொல்லியிருக்கணும்” என்றேன்.

“உடுங்க அம்மிணி. நீங்க சொல்லியிருந்தா உங்களையும் வைஞ்சிருப்பாரு. உங்களுக்கு அது அத்தனையும் புரிஞ்சிருக்கும். எனக்குப் பாதிதான் புரிஞ்சுது” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “கண்ணு வெரலை அசைச்சா ஆளுகிட்டச் சொல்லி உடுங்க. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்” என்றாள்.

மறுநாள் காலையில் என் கணவர் அலறியடித்துக்கொண்டு வந்தார். அவளிடம் விவரம் கேட்டுக்கொண்டுதான் இறங்கியிருந்தார். அவரைக் கண்டதும் குழந்தை இரண்டு கையையும் நீட்டினாள். அவர் மூக்கைப் பிடிக்கப் போனபோது மோதிர விரல் மடங்கியது. சுண்டு விரல் மடங்க இன்னும் எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லப்போவதில்லை. மலைக்குத் திரும்பியதும் அவள் வாங்கிக் கொஞ்சிவிட்டு, “உங்கம்மா கையில மட்டும் நாடாவைக் குடுத்துராதே சாமி” என்று குழந்தையிடம் சொன்னாள்.

அவர் வேறொரு சிலந்தியைப் பிடித்து நூல் எடுத்தார். கவட்டைக் குச்சியை நான்தான் பிடித்துக்கொண்டேன். எல்லை அளக்கிற வேலை முடிந்தது. வைகாசியில் நாமக்கல்லுக்குத் திரும்பினோம். திரும்பியதும் முதல் வேலையாக என் பழைய முதலுதவிப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இடையிடையே கட்டைத் தளர்த்த வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்த வரிக்கடியில் நானே பென்சிலால் கோடும் போட்டிருந்தேன்.

அந்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன். பிறகு அவருக்கு மாற்றலாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். மலைக்கும் நாங்கள் மறுபடி போகவில்லை. அந்தப் பெண்ணை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

இப்போது என் பெண்ணுக்கு எட்டு வயது. மடியில் இன்னொரு கைக்குழந்தை. அதற்குச் சின்னத் தும்மல் வந்தாலும் நான் பழையபடிதான் பதறுகிறேன். அதை என்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. பெண்ணின் கையில் முழங்கைக்கு மேலே மெல்லிய வளையமாக ஒரு தழும்பு இருக்கிறது. பார்க்கிறவர்கள், இது என்ன, கயிறு ஏதாவது மாட்டிக்கொண்டதா என்று கேட்கிறார்கள். சிலந்தி கடித்தது, யாரோ கட்டிவிட்டார்கள் என்று சொல்லத்தான் நாக்கு முதலில் எழும்புகிறது. அதை ஒரு விநாடி அடக்கிக்கொண்டு, “நான்தான் கட்டினேன், கட்டு தப்பு என்று எனக்குக் காட்டியவள் ஒரு மலைக்காரி” என்று சொல்லப் பழகிக்கொண்டு வருகிறேன். ஒவ்வொரு தடவையும், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு வாங்கிக்கொண்ட வசவில் ஒரு சொல்லையாவது அவளிடமிருந்து நான் வாங்கிக்கொண்டதாக எனக்குத் தோன்றுகிறது.